ஃபாரன்ஹீட் – கெல்வின்: தப்பில்லாமல் மாற்றுவது எப்படி?

ஃபாரன்ஹீட்டைக் கெல்வினாக்க 459.67 கூட்டி, வந்த தொகையை 1.8 ஆல் வகுக்க வேண்டும். கெல்வினை ஃபாரன்ஹீட்டாக்க 1.8 ஆல் பெருக்கி, வந்ததிலிருந்து 459.67 கழிக்க வேண்டும். கணக்கு அவ்வளவுதான். ஆனாலும் இதில் தப்பு வருவது சர்வசாதாரணம். சூத்திரம் கையில் இருந்தும் படிகளின் வரிசை மாறிப்போகும். இல்லாவிட்டால் வெப்பநிலைக்கும் வெப்பநிலை வித்தியாசத்துக்கும் ஒரே கணக்கைப் போட்டுவிடுவோம். இந்த இரண்டு இடங்களில் கவனமாக இருந்தால் மீதியெல்லாம் எளிது.

459.67, 1.8 – இவை எங்கிருந்து வந்தன?

இதைத் தெரிந்துகொண்டால் சூத்திரம் மறந்துபோனாலும் நாமே உருவாக்கிக்கொள்ளலாம். நீர் உறைவது 32 டிகிரி ஃபாரன்ஹீட்டில், கொதிப்பது 212இல். இடைவெளி 180 டிகிரி. அதே இடைவெளி கெல்வினில் 273.15 முதல் 373.15 வரை, அதாவது 100. ஆக, ஒரு கெல்வின் என்பது 1.8 ஃபாரன்ஹீட் டிகிரிக்குச் சமம். 9/5 என்று பாடநூல்கள் எழுதுவதும் இந்த 1.8ஐத்தான்.

அடுத்தது பூஜ்யம். கெல்வினின் பூஜ்யம் தனிச்சுழி வெப்பநிலை. அதற்குக் கீழே வெப்பநிலை கிடையாது. நீரின் உறைநிலை அந்தப் பூஜ்யத்துக்கு மேலே 273.15 கெல்வின். அதை ஃபாரன்ஹீட் டிகிரியில் சொன்னால் 273.15 × 1.8 = 491.67. உறைநிலைக்கு ஃபாரன்ஹீட் ஏற்கெனவே 32 என்று பெயர் வைத்திருப்பதால், 491.67 − 32 = 459.67. அதாவது தனிச்சுழி என்பது −459.67 டிகிரி ஃபாரன்ஹீட். இந்த எண்கள் தோராயமானவை அல்ல. செல்சியஸுக்கும் கெல்வினுக்கும் உள்ள 273.15 என்ற வித்தியாசம் வரையறையாலேயே துல்லியமானது. அதிலிருந்து வரும் 459.67உம் அப்படியே.

ஃபாரன்ஹீட்டிலிருந்து கெல்வினுக்கு

70 டிகிரி ஃபாரன்ஹீட்டை எடுத்துக்கொள்வோம்.

1. முதலில் 459.67 கூட்டுங்கள்: 70 + 459.67 = 529.67.
2. அந்தத் தொகை முழுவதையும் 1.8 ஆல் வகுங்கள்: 529.67 ÷ 1.8 = 294.261...
3. தேவையான அளவுக்கு முழுமையாக்குங்கள்: 294.3 கெல்வின்.

எதிர்ம எண்ணுக்கும் இதே முறைதான். −40க்கு: −40 + 459.67 = 419.67, 1.8 ஆல் வகுத்தால் 233.15 கெல்வின். இங்கே பலர் குறியைத் தவறவிட்டு 40ஐக் கூட்டிவிடுகிறார்கள், அப்போது 277.59 வரும். 277.59 கெல்வின் என்பது உறைநிலைக்கு மேலே, −40 என்பது உறைநிலைக்கு வெகு கீழே. ஒரு பார்வையிலேயே பிடிபட வேண்டிய தப்பு இது.

செல்சியஸ் வழியாகச் சுற்றிப் போகிற முறையும் உண்டு: 32 கழித்து, 1.8 ஆல் வகுத்து, 273.15 கூட்டுவது. 70 − 32 = 38; 38 ÷ 1.8 = 21.111, அதோடு 273.15 சேர்த்தால் 294.261. விடை ஒன்றுதான். நடுவே செல்சியஸ் மதிப்பும் கிடைப்பதால் விடை நம்பும்படி இருக்கிறதா என்று பார்க்க வசதி. செல்சியஸில் பழகியவர்களுக்கு இதையே பரிந்துரைக்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: நடுவில் வரும் 21.111ஐ 21 என்று முழுமையாக்கிவிட்டு மேலே போகாதீர்கள். முழுமையாக்கல் எப்போதும் கடைசிப் படியில் மட்டுமே.

கால்குலேட்டர் செய்கிற வேலை

மேலே உள்ள கணக்கை ஒரு கால்குலேட்டரில் அப்படியே இடமிருந்து வலமாகத் தட்டிப் பாருங்கள்: 70, கூட்டல், 459.67, வகுத்தல், 1.8, சமம். நான்கு செயல்கள் மட்டுமே உள்ள சாதாரண கால்குலேட்டர்கள் பெரும்பாலும் 294.26 காட்டும். அறிவியல் கால்குலேட்டரோ 325.37 காட்டும். விசைகள் அதே, வரிசை அதே, விடையில் மட்டும் 31 கெல்வின் வித்தியாசம்.

சாதாரண கால்குலேட்டர், வகுத்தல் விசையைத் தட்டியதுமே அதுவரை வந்த கூட்டலை முடித்து 529.67ஐக் கையில் வைத்துக்கொள்கிறது. அறிவியல் கால்குலேட்டர் கணித விதிப்படி வகுத்தலை முதலில் செய்கிறது: 459.67 ÷ 1.8 = 255.37, அதோடு 70. கைபேசியில் உள்ள பல கால்குலேட்டர்களும் இப்படியே. ஆகவே அடைப்புக்குறி போடுங்கள், அல்லது கூட்டல் முடிந்ததும் ஒரு முறை 'சமம்' தட்டிவிட்டு வகுங்கள். எந்தக் கருவியானாலும் இது பாதுகாப்பான பழக்கம்.

எதிர்ம எண்ணைத் தட்டும்போது இன்னொரு சிக்கல்: சாதாரண கால்குலேட்டரில் முதலில் கழித்தல் விசையை அழுத்தினால் அது சில சமயம் குறியாகவே பதிவாகாது. குறி மாற்றும் விசை தனியாக இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் கணக்கைத் திருப்பிப் போடுங்கள்: 459.67 − 40 என்று தட்டினால் போதும்.

5/9ஐத் தசமமாக்க வேண்டாம்

பாடநூல் சூத்திரம் "5/9 ஆல் பெருக்கு" என்று சொல்லும். 5/9 என்பது 0.5555... என்று முடியாமல் போகும் எண். அதை 0.56 என்று வைத்து 529.67ஐப் பெருக்கினால் 296.6 வரும், சரியான விடையைவிட சுமார் 2.4 கெல்வின் அதிகம். 0.55 என்று வைத்தால் 291.3, ஏறக்குறைய 3 கெல்வின் குறைவு. 459.67 சேர்ந்த பெரிய தொகையைப் பெருக்குவதால் சின்னப் பிழையும் பெரிதாகிறது. 1.8 ஒரே தசம இடத்தில் முடிந்துவிடும் எண். அதால் வகுத்தால் இந்தத் தொல்லையே இல்லை. 5/9ஐ விட்டுவிட்டு 1.8ஐப் பிடித்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

கெல்வினிலிருந்து ஃபாரன்ஹீட்டுக்கு

படிகள் தலைகீழ்: முதலில் பெருக்கல், பிறகு கழித்தல். 300 கெல்வின் என்றால் 300 × 1.8 = 540; 540 − 459.67 = 80.33 டிகிரி ஃபாரன்ஹீட். இந்தப் பக்கம் வருவது எளிது. கால்குலேட்டர் எந்த வகையானாலும் பெருக்கல் தானாகவே முதலில் நடந்துவிடும், அடைப்புக்குறி தேவையில்லை.

குளிர் இயற்பியலில் வரும் சின்ன எண்களுக்கும் இதுவே. திரவ ஹீலியம் சாதாரண அழுத்தத்தில் சுமார் 4.2 கெல்வினில் கொதிக்கிறது: 4.2 × 1.8 = 7.56, 7.56 − 459.67 = −452.11. சூரியனின் மேற்பரப்பு சுமார் 5772 கெல்வின்: 10389.6 − 459.67 = 9929.93, அதாவது ஏறக்குறைய 9930 டிகிரி ஃபாரன்ஹீட். எண் பெரிதாகப் பெரிதாக 459.67இன் பங்கு மங்கிக்கொண்டே வரும், பத்தாயிரங்களில் 1.8 ஆல் பெருக்கினாலே ஓரளவுக்கு விடை வந்துவிடும். குளிர்ப் பக்கத்தில் நேர் எதிர்: 459.67இல் ஒரு இலக்கம் தவறினாலும் கணக்கு கெட்டது.

மனக்கணக்கு

கெல்வினிலிருந்து வருவதற்கு: இரண்டால் பெருக்கி, வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கழித்து, பிறகு 460 கழியுங்கள். 300 → 600 → 540 → 80. இரண்டு மடங்கில் பத்திலொன்று போனால் 1.8 மடங்குதானே. 459.67க்குப் பதில் 460 போட்டதால் வரும் பிழை 0.33 டிகிரி, மனக்கணக்குக்கு அது பொருட்டல்ல.

ஃபாரன்ஹீட்டிலிருந்து போவதற்கு வகுத்தலைவிட நங்கூரப் புள்ளிகள் வசதி. 18 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறினால் சரியாக 10 கெல்வின் ஏறும். 9 ஏறினால் 5. எனவே 32இலிருந்து பதினெட்டுப் பதினெட்டாக ஏறுங்கள்:

32 → 273.15
50 → 283.15
68 → 293.15
86 → 303.15
104 → 313.15

இதோடு 77 → 298.15ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆய்வகத் தரவுகளில் அடிக்கடி வரும் 25 டிகிரி செல்சியஸ் அது. 75 டிகிரி ஃபாரன்ஹீட் வேண்டுமா? 77இலிருந்து 2 குறைவு. 2 ÷ 1.8 சுமார் 1.1, ஆக 297.0 கெல்வின்.

கொஞ்சம் தள்ளியுள்ள புள்ளிகளில் தெரிந்துவைக்கத்தக்கவை: 0 டிகிரி ஃபாரன்ஹீட் 255.37 கெல்வின், உடல் வெப்பநிலையாகச் சொல்லப்படும் 98.6 என்பது 310.15, நீர் கொதிக்கும் 212 என்பது 373.15. கடைசியாகச் சொன்னது கடல்மட்ட அளவிலான நியம அழுத்தத்துக்கு மட்டும். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் இறங்கும். மாற்றும் கணக்கில் அதற்கு ஒரு பங்கும் இல்லை.

வித்தியாசத்துக்கு 459.67 கிடையாது

புதியவர்கள் மட்டுமல்ல, பழகியவர்களும் வழுக்கும் இடம் இது. "வெப்பநிலை 18 டிகிரி ஃபாரன்ஹீட் குறைந்தது" என்றால் கெல்வினில் எவ்வளவு குறைந்தது? 18 ÷ 1.8 = 10 கெல்வின். பழக்கதோஷத்தில் 459.67 கூட்டிவிட்டால் 265.37 கெல்வின் குறைந்ததாக வரும். அறை வெப்பநிலையிலிருந்து அத்தனை இறங்கினால் தனிச்சுழிக்கு முப்பது கெல்வின் அருகே போய் நிற்க வேண்டும்!

459.67இன் ஒரே வேலை, இரண்டு அளவுகோல்களின் பூஜ்யங்கள் வெவ்வேறு இடத்தில் இருப்பதைச் சரிக்கட்டுவது. ஒரு வெப்பநிலையிலிருந்து இன்னொன்றைக் கழிக்கும்போது பூஜ்யம் எங்கே இருந்தது என்பதே அடிபட்டுப்போகிறது. மிஞ்சுவது டிகிரியின் அளவு மட்டும், அதற்கு 1.8 போதும்.

வித்தியாசம் என்று வெளிப்படையாகச் சொல்லாத இடங்களில்தான் ஏமாறுகிறோம். உணர்வியின் விவரத்தாளில் "± 2 டிகிரி ஃபாரன்ஹீட்" என்று இருந்தால் அது வித்தியாசம். கெல்வினில் ± 1.1. வெப்பநிலை ஒரு நிமிடத்துக்கு 9 டிகிரி ஏறுகிறது என்றால் அதுவும் வித்தியாசம். நிமிடத்துக்கு 5 கெல்வின்.

"ஒரு டிகிரிக்கு இவ்வளவு" என்று வரும் அளவுகளில் கணக்கு திரும்பிக்கொள்ளும். எஃகின் நீள விரிவு எண் (சூடேறும்போது நீளம் எத்தனை பங்கு கூடும் என்பது) ஒரு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு சுமார் 0.0000065. ஒரு கெல்வினுக்கு எவ்வளவு? இங்கே வகுக்கக் கூடாது, 1.8 ஆல் பெருக்க வேண்டும்: 0.0000117. ஒரு கெல்வின் பெரிய படி. பெரிய படிக்கு விரிவும் அதிகமாகத்தானே இருக்கும். வகுப்பதா பெருக்குவதா என்று சந்தேகம் வந்தால் இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் போதும். செல்சியஸுக்கும் கெல்வினுக்கும் படி அளவு ஒன்றே என்பதால், "ஒரு டிகிரி செல்சியஸுக்கு" என்று தரப்பட்ட எண்ணை மாற்றாமலே கெல்வினுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

கெல்வின் கட்டாயமாகும் இடம்

வாயு விதிகள், கதிர்வீச்சு, வேதிவினை வேகம் – இந்தச் சூத்திரங்களில் வெப்பநிலை பெருக்கலிலும் வகுத்தலிலும் வருகிறது. அங்கே ஃபாரன்ஹீட்டை அப்படியே நுழைத்தால் அபத்தம்தான் விளையும். 80 டிகிரி ஃபாரன்ஹீட் 40இன் இரு மடங்கு வெப்பநிலை அல்ல. கெல்வினில் அவை 299.82, 277.59, விகிதம் 1.08 மட்டுமே.

டயர் காற்றழுத்தத்தை வைத்துப் பார்ப்போம். காலையில் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டில் அளவி 32 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அலகு) காட்டுகிறது. ஓடிச் சூடாகி உள்ளே இருக்கும் காற்று 104 டிகிரிக்கு வந்தால் அழுத்தம் என்ன? டயரின் கொள்ளளவு மாறவில்லை என்று வைத்துக்கொள்வோம். அளவி காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலான அழுத்தம். எனவே முதலில் வெளிக்காற்றின் அழுத்தமான 14.7ஐக் கூட்டி 46.7 ஆக்குங்கள். வெப்பநிலைகள் 283.15, 313.15 கெல்வின், விகிதம் 1.106. 46.7 × 1.106 = 51.65. திரும்ப 14.7 கழித்தால் 36.95, அதாவது அளவி சுமார் 37 பிஎஸ்ஐ காட்டும். நம்பும்படியான விடை. 104ஐ 50ஆல் வகுத்து 2.08 என்று போட்டிருந்தால் அளவி சுமார் 82 பிஎஸ்ஐ காட்டும் என்று வந்திருக்கும். அழுத்தம், வெப்பநிலை இரண்டையும் அவற்றின் உண்மையான பூஜ்யத்திலிருந்து அளக்க வேண்டும் என்பதை இந்த ஒரு கணக்கே காட்டிவிடுகிறது.

அமெரிக்கப் பொறியியல் நூல்களைப் புரட்டினால் ரேங்கின் என்ற அளவுகோல் எதிர்ப்படும். ஸ்காட்லாந்துப் பொறியாளர் வில்லியம் ரேங்கின் பெயரால் வழங்குவது. ஃபாரன்ஹீட்டோடு 459.67 கூட்டியதும் வருகிற எண்தான் ரேங்கின். நம் கணக்கின் முதல் படியில் நின்றுவிட்டது போல. பூஜ்யம் தனிச்சுழியிலேயே இருப்பதால் விகிதங்களுக்கு அதுவும் செல்லும்: 563.67 ÷ 509.67 போட்டாலும் அதே 1.106. ரேங்கினைக் கெல்வினாக்க 1.8 ஆல் வகுத்தால் முடிந்தது.

விரிதாளும் நிரலும்

விரிதாளில் சூத்திரம் எழுதும்போது கட்டத்தின் பெயரையும் 459.67ஐயும் அடைப்புக்குறிக்குள் கூட்டி, வெளியே 1.8 ஆல் வகுக்கச் சொல்லுங்கள். பிறகு நெடுவரிசை முழுக்க இழுத்துவிடலாம். இழுத்தபின் பட்டியலில் ஆங்காங்கே 255.37 தென்பட்டால் மூல நெடுவரிசையைப் பாருங்கள். அந்தக் கட்டங்கள் பெரும்பாலும் காலியாக இருக்கும். காலிக் கட்டத்தை விரிதாள் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்கிறது. 0 டிகிரி ஃபாரன்ஹீட் 255.37 கெல்வின்தானே. எதிர்த்திசையில் இதே பிழை −459.67 என்று வந்து நிற்கும். சராசரி எடுப்பதற்கு முன் இவற்றைக் களையாவிட்டால் மொத்தக் கணக்கும் கீழே இழுபடும். எண்ணோடு டிகிரிக் குறியும் சேர்ந்து ஒட்டப்பட்டிருந்தால் விரிதாள் அதை எழுத்தாகக் கருதிப் பிழை காட்டும்; குறியை நீக்கிவிட்டு எண்ணை மட்டும் வையுங்கள்.

சி, ஜாவா போன்ற மொழிகளில் நிரல் எழுதுபவர்களுக்கு ஒரு பழைய பொறி உண்டு. 5, 9 இரண்டும் முழு எண்களாக இருந்தால் 5/9 என்பது 0 ஆகிவிடும். 5/9ஐ முதலில் எழுதி, அதை 32 கழித்த எண்ணால் பெருக்கி, 273.15 கூட்டினால், என்ன வெப்பநிலை கொடுத்தாலும் விடை 273.15 ஆகவே இருக்கும். எல்லா விடையும் 273.15 என்று வந்தால் வேறெங்கும் தேடாதீர்கள். 5.0/9.0 என்று எழுதுங்கள். அதைவிட நல்லது, 1.8 ஆல் வகுங்கள்.

தரவு எந்த அலகில் வருகிறது என்பதையும் முதலிலேயே பாருங்கள். வானிலை மாதிரிகளின் தரவுகள் பல கெல்வினிலேயே வரும்: 303.15 என்றிருந்தால் 86 டிகிரி ஃபாரன்ஹீட். 77 என்று மொட்டையாக ஒரு எண் இருந்தால்தான் ஆபத்து. ஃபாரன்ஹீட் என்றால் இதமான அறை. கெல்வின் என்றால் திரவ நைட்ரஜனின் கொதிநிலைக்குப் பக்கம், அதாவது −321 டிகிரி ஃபாரன்ஹீட். தெர்மிஸ்டரின் (வெப்பநிலைக்கேற்ப மின்தடை மாறும் உணர்வி) மின்தடையிலிருந்து வெப்பநிலை காணும் சூத்திரங்களும் கெல்வினில்தான் விடை தரும்.

எத்தனை தசம இடம்?

வெப்பமானி 70 என்று முழு எண்ணாகக் காட்டினால் உண்மை 69.5க்கும் 70.5க்கும் இடையே எங்கேயும் இருக்கலாம். கெல்வினில் அது இருபுறமும் சுமார் 0.28. அப்படியிருக்க 294.2611 என்று எழுதுவது இல்லாத துல்லியத்தைக் காட்டுவது. 294 அல்லது 294.3 போதும். அளவு 98.6 என்று ஒரு தசமத்தோடு இருந்தால் விடையை 310.15 என்று இரண்டு இடம் வரை எழுதலாம். அதற்கு மேல் ஆய்வகக் கருவிகளுக்கு மட்டும்.

273.15க்குப் பதில் 273 என்று எழுதும் வழக்கத்தில் 0.15 கெல்வின் பிழை இருக்கிறது, ஃபாரன்ஹீட்டில் 0.27. பள்ளிக் கணக்குக்குப் பரவாயில்லை, காய்ச்சல் அளவுக்கு ஆகாது. 273.16 என்ற எண் கண்ணில் பட்டால் அது நீரின் மும்மைப்புள்ளி (பனிக்கட்டி, நீர், நீராவி மூன்றும் சேர்ந்திருக்கும் வெப்பநிலை), உறைநிலை அல்ல. 1954 முதல் 2019 மே 20 வரை கெல்வினின் வரையறையே அந்தப் புள்ளியை வைத்துத்தான் இருந்தது. இப்போது வெப்பநிலையை ஆற்றலோடு இணைக்கும் போல்ட்ஸ்மான் மாறிலியை வைத்து வரையறுக்கிறார்கள். மாற்றும் கணக்கில் எப்போதும் 273.15தான்.

விடையைச் சோதிப்பது

கெல்வின் எதிர்மமாக வந்தால் தப்பு. ஃபாரன்ஹீட் −459.67க்குக் கீழே போனாலும் தப்பு. இன்னொரு சோதனை அதிகம் பேருக்குத் தெரியாது: இரண்டு அளவுகோலும் ஒரே எண்ணைக் காட்டும் புள்ளி 574.59. அதற்குக் கீழே கெல்வின் எண் எப்போதும் ஃபாரன்ஹீட் எண்ணைவிடப் பெரிது; மேலே போனால் சிறிது. 350 டிகிரி ஃபாரன்ஹீட் 449.82 கெல்வின், 1000 டிகிரி ஃபாரன்ஹீட் 810.93 கெல்வின். 1000க்கு 1459.67 என்று விடை வந்திருந்தால் வகுக்க மறந்திருக்கிறீர்கள்.

விளக்குப் பெட்டியில் போட்டிருக்கும் 2700 கெல்வின், 6500 கெல்வின் ஆகியவற்றை மாற்றிப் பார்க்க ஆசைப்படுபவர்கள் உண்டு. 2700ஐ மாற்றினால் 4400 டிகிரி ஃபாரன்ஹீட் வரும். கணக்கு சரி, ஆனால் எல்இடி விளக்கு அத்தனை சூடாக இல்லை. அந்த வெப்பநிலைக்குச் சூடேறிய பொருள் எந்த நிறத்தில் ஒளிருமோ அந்த நிறம் என்பதே அதன் பொருள்.

எழுதும்போது 300 கெல்வின் என்று எழுதினால் போதும். டிகிரி சேர்ப்பது 1967–68இலேயே கைவிடப்பட்டது. அதற்கு முந்தைய நூல்களில் "டிகிரி கெல்வின்" என்று கண்டால் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், எதையும் மாற்ற வேண்டியதில்லை.